சாப்பாட்டு மேசையில ஒரு கடை

2025 ஒக்டோபர் 8, புதன்

கடை வேலைய விட்டு ஒம்பது நாள். வெள்ளவத்தையில எங்கட மூண்டாம் மாடி பிளட்ல சாப்பாட்டு மேசைதான் இனி என்ர கொம்பியூட்டர் திருத்துற கடை. விடிய புறக்கோட்டைக்குப் போய் ஸ்க்ரூட்ரைவர் செட், மல்டிமீட்டர், தேர்மல் பேஸ்ட், ஐசோபுரொப்பைல் அல்கஹோல் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தன். அம்மா அந்தப் போத்தல மணந்து பாத்திட்டு, இத சோத்துக்குப் பக்கத்தில வைக்காத எண்டா. நியாயந்தான்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

இண்டையோட விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட்ட சப்போர்ட் முடியுது. போன் அடிச்சுக்கொண்டே இருந்தது, கீழ் மாடி அன்ரி "நாளைக்கு கொம்பியூட்டர் ஓன் ஆகாதாமே தம்பி" எண்டு பயந்து போய்க் கேக்கிறா, ஓன் ஆகும் அன்ரி, பாதுகாப்பு அப்டேட்தான் இனி சும்மா வராது எண்டு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம். விண்டோஸ் 11 போடலாமா எண்டா அவவின்ர புரொசெசர் இன்டெல் ஏழாவது ஜெனரேஷன், பொதுவா எட்டில இருந்துதான் 11 ஏத்துக்கொள்ளும். குறுக்கு வழி இருக்குத்தான், ஆனா அத அவவுக்குப் போட்டுக் குடுத்திட்டு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நான்தான் ஓடவேணும். ஏழு பேரோட கதைச்சன். வந்த காசு பூச்சியம்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

கடற்கரைப் பக்க ஒழுங்கையில இருந்து இன்னொரு அன்ரி லப்டொப் ஒண்டு கொண்டு வந்தா. வருசக்கணக்கா ரெயில்பாதைப் பக்க ஜன்னலுக்குக் கீழதான் வச்சிருந்தவையாம். கழட்டினா சார்ஜிங் பக்கம் முழுக்க பச்சை பூத்து நிக்குது. உப்புக் காத்து, வேற என்ன. பழைய பல்லுத்தூரிகையும் அல்கஹோலுமா ரெண்டு மணித்தியாலம் உரசினன், பிறகு காயவிட்டு ஓன் பண்ணினா லைட் வந்திட்டுது! 2500 எண்டு சொல்லத்தான் வாயத் திறந்தன், "நீங்க எங்கட பிள்ளை மாதிரி" எண்டு தீபாவளி முறுக்கு ஒரு பை கையில தந்திட்டுப் போயிட்டா. முறுக்கு நல்ல முறுக்குத்தான். கரண்ட் பில்லுக்கு முறுக்குக் கட்டேலாதே.

ஒக்டோபர் 27, திங்கள்

இண்டைக்கு நெஞ்சு நிண்டு போச்சு. பென்சன் எடுத்த தமிழ் சேர் ஒருத்தர், மெஷின் ஆமை மாதிரி. பழைய ஹாட் டிஸ்க்க கழட்டி 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, புதுசா விண்டோஸ் ஏத்தி, ஃபைல் எல்லாம் கொப்பி பண்ணி பெருமையாத் திறந்து காட்டினன். பாத்தா பதினைஞ்சு வருசக் கட்டுரை முழுக்க இங்கிலிஷ் எழுத்துக் குப்பை, "அம்மா" இருக்க வேண்டிய இடத்தில எம், கே, செமிகோலன், கே, எச் எண்டு நிக்குது. சேர் ஒண்டும் கதைக்கேல்ல, கண்ணாடியக் கழட்டித் துடைச்சார். பாமினி! மனுசன் எல்லாத்தையும் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சிருக்கிறார், அந்த ஃபொன்ட் மெஷினில இல்லாட்டி தமிழ் இங்கிலிஷ் எழுத்தாத்தான் தெரியும், நான் டொக்கியுமென்ட்ஸ மட்டும் எடுத்திட்டு ஃபொன்ட்ட மறந்திட்டன். நல்லகாலம் பழைய டிஸ்க்க இன்னும் ஃபோர்மட் பண்ணேல்ல, யூஎஸ்பி கேஸில போட்டு ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில இருந்து எடுத்துப் போட்டவுடன தமிழ் திரும்பி வந்தது. பிழை என்னில எண்டு காசு குறைக்கப் பாத்தன், சேர் விடேல்ல, சொன்ன 3500ஐயும் எண்ணி வச்சார். இனி ஃபோர்மட் எண்டா முதல் கேள்வி: பாமினியோ, இல்லாட்டி எந்த மெஷினிலயும் தமிழாவே தெரியிற யூனிகோடோ?

நவம்பர் 3, திங்கள்

வியாபாரப் பெயர் பதியவேணும். முதல்ல கிராம சேவகரிட்ட கடிதம், பிறகு திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். வாடகை வீடெண்டபடியா வீட்டுக்காரரிட்டயும் ஒரு கடிதம் கேட்டு வைக்கிறன். கடைக்குப் பெயர்தான் இன்னும் சரிவரேல்ல.

நவம்பர் 9, ஞாயிறு

பின்னேரம் வந்து பாத்தா அம்மா கலண்டர் மட்டையில தன்ர கையெழுத்தில எழுதி பிரிட்ஜில ஒட்டியிருக்கிறா: "திறந்து பார்க்க மட்டும் ரூபா 500. சொந்தக்காரருக்கும்." அத முதல் வாசிச்சது சித்தி, கையில ஓன் ஆகாத லப்டொப்போட. அம்மா குசினிக்குள்ள இருந்து வெளிய வரவேயில்ல. சித்தி ரெண்டு தரம் வாசிச்சிட்டு ஹாண்ட்பேக்கத் திறந்து 500ஐ மேசையில வச்சா, "அப்ப தேத்தண்ணி எவ்வளவடா?" எண்டு கேட்டா.