"அப்பா சாப்பிட்டாரா டாக்டர்?"

2021 மே மாதம். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியான நேரம். சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் கொரோனா வார்டில் பணியில் இருந்தேன். வாசலில் 108 ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நிற்கும். ஆக்சிஜன் படுக்கை ஒன்று காலியானால்தான் அடுத்தவரை இறக்க முடியும். அது எப்படிக் காலியாகிறது என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மாலையானால் நோயாளிகளின் வீடுகளுக்கு போன் செய்து நிலைமையைச் சொல்ல வேண்டும். வார்டு போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டியிருப்போம். இரண்டு கையுறைகளுக்குள் இருக்கும் விரல் அதில் சரியாகப் பதியாது. கண்ணாடிக்குள் ஆவி படர்ந்து எண்கள் மங்கும். "சாச்சுரேஷன் எவ்வளவு?" என்று ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைத்தான் எல்லா வீட்டிலும் முதலில் கேட்பார்கள். ஒரு பையன் மட்டும் கேட்கமாட்டான். "அப்பா சாப்பிட்டாரா டாக்டர்?" தினமும் அது ஒன்றுதான்.

"ஒரு இட்லி சாப்பிட்டார்பா. மாஸ்க்கை எடுத்தால் மூச்சு வாங்குது, அதனால மெதுவாத்தான் ஊட்டுறோம்" என்பேன்.

ஆறாம் நாள், நான் வாயைத் திறப்பதற்குள் அதே கேள்வியைக் கேட்டுவிட்டான்.

சொன்னேன். குரல் நடுங்கவில்லை. உடனே அடுத்த எண்ணை அழுத்தினேன். "பழகிடுச்சு மேடம் உங்களுக்கு" என்றார் பக்கத்தில் இருந்த சிஸ்டர். அதை நானும் தைரியம் என்றே நினைத்துக்கொண்டேன். அன்றிரவு மொட்டைமாடி அறை வாசலில் தட்டை வைத்துவிட்டு, படியில் நின்றபடி அம்மா "சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

முதல் அலையில் இப்படி இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த சென்னை நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்கியது. அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப்தான் இரண்டு வார்டு ஊழியர்களோடு நள்ளிரவில் மண்ணள்ளிப் போட்டு அடக்கம் செய்தார். அந்தச் செய்தி வந்தபோது நாங்கள் கோபப்பட்டோம், அழுதோம், விடிய விடியப் பேசினோம். அடுத்த ஆண்டு பேசக்கூட இல்லை. பணி முடிந்தால் உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனோம்.

போர்வீரர்களைப் பற்றிய ஆய்வில் பிறந்த ஒரு சொல் உண்டு, அறக்காயம். எது சரி என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாமல் நிற்கும்போது மனதில் விழும் அடி. எனக்கு விழுந்தது அதுதான் என்று புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவும் மனநலப் பிரிவில் இருக்கும் தோழி, "உனக்குத் தூக்கம் வருதா?" என்று கேட்ட பிறகு. அதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர், யாராவது முதல்முறையாக ஒரு மரணத்தை உறவினரிடம் சொல்லிவிட்டு வந்தால், அடுத்த கேஸ் ஷீட்டை நான் நீட்டுவதில்லை. கேண்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுக்கிறேன். சிலர் பேசுவார்கள். சிலர் டீ ஆறும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் எதிரில் உட்கார்ந்திருப்பேன்.