சி.ஐ.எஃப். விலையில் வாங்கிய லேத்: துறைமுகத்துக்குப் பின் வந்த செலவுகள்

உலோகத்தைக் கடையும் இயந்திரமான லேத் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வாங்க, தொழிற்சாலையைத் தேடியதும் பேரம் பேசியதும் 30 விழுக்காடு முன்பணம் அனுப்பியதும் சிக்கலின்றி முடிந்தன. மீதி 70 விழுக்காட்டைக் கட்டும் முன், லேத் ஓடும் காணொளியையும் அதன் சுழலும் தண்டான ஸ்பிண்டிலில், நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் வைத்து எடுத்த அளவுகளையும் கேட்டு வாங்கினேன். அதற்குள் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏற்கெனவே பேசிய எண்ணில் விற்பனையாளரை அழைத்துக் கேட்டபோது, தாங்கள் அப்படி எதையும் அனுப்பவில்லை என்று பதறினார். அந்த ஓர் அழைப்பால் பணம் தப்பியது.

சி.ஐ.எஃப். விலையில் சரக்கு, காப்பீடு, கப்பல் வாடகை மூன்றும் அடங்கும். ஆனால் அது இறங்கும் துறைமுகம் வரைக்கும்தான். கன்டெய்னர் முழுவதையும் நிரப்பாத சரக்கு என்பதால் எங்கள் பெட்டி பிறருடையவற்றோடு சேர்ந்து வந்தது. அதைப் பிரித்தெடுக்கும் கூலி, கையாளும் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று துறைமுகத்தில் சரக்கு முகவர் நீட்டிய பட்டியல் கப்பல் வாடகையையே தாண்டியது. இந்தக் கட்டணங்களை எழுத்தில் தருமாறு முன்கூட்டியே நான் கேட்டபோதெல்லாம், அது இறங்கும் இடத்து முகவரின் பொறுப்பு என்றே தொழிற்சாலை பதில் எழுதியது. போதாக்குறைக்கு, கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் ஓர் எடையும், பெட்டியில் உள்ளவற்றைப் பட்டியலிடும் பேக்கிங் லிஸ்டில் வேறோர் எடையும் இருந்தன. கவுன்ட்டரில் இருந்த எழுத்தர், திருத்திய தாள் வரும்வரை கோப்பைத் தொட மறுத்துவிட்டார். தாள் வருவதற்குள் வாடகையின்றிக் கிடங்கில் வைக்கக் கிடைக்கும் இலவச நாட்கள் கடந்து, கிடங்கு வாடகை ஏறத் தொடங்கிவிட்டது.

பெட்டி வந்து சேர்ந்தபோது அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த, பெட்டி சாய்க்கப்பட்டால் நிறம் மாறும் சாய்வுக் காட்டி சிவந்திருந்தது. லாரி ஓட்டுநர் அவசரப்படுத்தியும், டெலிவரி ரசீதில் அதை எழுதிய பின்னரே கையெழுத்திட்டேன். பலகையைப் பெயர்த்துப் பழுப்பு நிறத் துருத்தடுப்பு கிரீஸைத் துடைத்தால், வெட்டுளியைத் தாங்கி நகரும் பகுதியின் முன்பலகையான ஏப்ரனின் வார்ப்பிரும்புக் கைச்சக்கரம் இரண்டாக உடைந்து, உள்ளே சாம்பல் நிற மணல் போன்ற முறிவு தெரிந்தது. அந்தப் பகுதியை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்க்ரூவும் வளைந்திருந்தது. காப்பீட்டு நிறுவனமோ கைவிரித்தது. சி.ஐ.எஃப். விதிப்படி விற்பவர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பீடு 'சி' பிரிவுதான். தீ, கப்பல் மூழ்குதல், மோதல் போன்ற பெரும் விபத்துகளுக்கே அது பொருந்தும், கிரேன் தவறவிட்டால் பொருந்தாது. இயந்திரம் வாங்குவோர், இத்தகைய சேதங்களையும் ஏற்கும் விரிவான 'ஏ' பிரிவுக் காப்பீடு வேண்டுமென்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். கூடுதலாக ஆகும் தொகை, உடைந்ததைச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் அற்பம்.

ரசீதில் எழுதிய அந்தக் குறிப்பையும் படங்களையும் வைத்து விடாமல் எழுதியதில், தொழிற்சாலை புதிய சக்கரத்தையும் ஸ்க்ரூவையும் இலவசமாக அனுப்பியது. இலவசமாக வந்தவையானாலும் அவற்றுக்கும் சுங்கத்தில் மதிப்பிட்டு வரி வசூலித்தார்கள்.