வளைகுடா ட்ரேட் டெஸ்டுக்குப் போகிறீர்களா? ஆர்மர்டு கேபிளை இப்படிப் படியுங்கள்

ஐடிஐ எலக்ட்ரீஷியனோ டிப்ளமோ இ.இ.இ.யோ முடித்து, சில வருஷம் சைட்டில் வேலை பார்த்துவிட்டு வளைகுடா ட்ரேட் டெஸ்டுக்கு, அதாவது அங்கே வேலைக்கு எடுப்பதற்கு முன் வைக்கும் திறமைத் தேர்வுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைத்தான் கரைத்துக் குடித்துவிட்டுப் போகிறார்கள். நான் போன டெஸ்டில் பாதிக்கு மேல் கேபிள் பற்றிய கேள்விகள். அதுவும் பேப்பரில் இல்லை. மேஜைமேல் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டின துண்டுகள் கிடக்கும், ஒன்றை எடுத்து நம் கையில் கொடுத்து "இது என்ன கேபிள், எங்கே போடுவீங்க?" என்பார்கள், அவ்வளவுதான்.

அதனால் அட்டவணையை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் கேபிளை உள்ளேயிருந்து வெளியே ஒவ்வொரு அடுக்காகச் சொல்லிப் பழகுங்கள். நம் ஊர் கேபிளில் குறியீட்டு எழுத்துகளே அந்த வரிசையில்தான் வரும். முதலில் ஏ இருந்தால் அலுமினியம் கண்டக்டர், இல்லாவிட்டால் காப்பர். அடுத்தது இன்சுலேஷன்: ஒய் என்றால் பிவிசி, 2எக்ஸ் என்றால் எக்ஸ்எல்பிஇ (குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன்). அப்புறம் ஆர்மர், அதாவது கேபிளைக் காக்கும் உலோகக் கவசம்: டபிள்யூ உருண்டைக் கம்பி, எஃப் தட்டையான பட்டை. கடைசி ஒய் வெளியே இருக்கும் பிவிசி உறை. இப்போது ஏ2எக்ஸ்எஃப்ஒய் என்று டிரம்மில் பார்த்தால் தானாகவே பிரிந்து வரும். ஏஒய்ஒய் என்று கேட்டால் அவசரப்பட வேண்டாம், அதில் ஆர்மரே கிடையாது. இந்தியத் தரநிலையில் பிவிசி கேபிளுக்கு ஐஎஸ் 1554, எக்ஸ்எல்பிஇக்கு ஐஎஸ் 7098, இரண்டிலும் பகுதி 1 என்பது 1100 வோல்ட் வரைக்கும்.

கம்பியா பட்டையா என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று ஒரு கேள்வி வரும். ஆர்மருக்கு உள்ளே இருக்கும் விட்டம் 13 மி.மீ.க்குள் இருந்தால் உருண்டைக் கம்பிதான், அதைத் தாண்டினால் இரண்டில் எதையும் போடலாம். அதனால்தான் 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) கண்ட்ரோல் கேபிளில் கம்பியும், பெரிய பவர் கேபிளில் பெரும்பாலும் பட்டையும் பார்க்கிறோம். நீளவாக்கில் இழுவிசை வரும் இடத்தில், செங்குத்தாகத் தொங்குகிற மாதிரி ஓட்டங்களில், கம்பி ஆர்மர்தான் தாங்கும்.

எண்களில் நான் உண்மையிலேயே மனதில் வைத்திருந்தவை கொஞ்சம்தான். பிவிசி தொடர்ந்து 70 டிகிரி, ஷார்ட் சர்க்யூட்டில் 160. எக்ஸ்எல்பிஇ 90, ஷார்ட் சர்க்யூட்டில் 250. ஷார்ட் சர்க்யூட்டை ஒரு விநாடி தாங்க, எக்ஸ்எல்பிஇ அலுமினியத்துக்கு ஸ்கொயருக்கு 94 ஆம்பியர் வரை, காப்பருக்கு 143. 240 ஸ்கொயர் அலுமினியம் கொடுத்தால் 94-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 22.5 கிலோ ஆம்பியர், முடிந்தது. 3.5 கோர் (மூன்று முழு கண்டக்டரும் நியூட்ரலுக்கு ஒரு சின்ன கண்டக்டரும்) 95-இல் அந்த அரைக் கோர் எவ்வளவு என்றால் 50, 240-இல் 120. எக்ஸ்எல்பிஇ சூட்டில் உருகி ஓடாது என்பதை வைத்து அது தீப்பிடிக்காது என்று சொல்லிவிடாதீர்கள், அது எரியும். தீ பரவாமல் தடுப்பது எஃப்ஆர்எல்எஸ் (தீ பரவாத, புகை குறைந்த) மாதிரியான வெளியுறையின் வேலை.

எல்லாரையும் மடக்கும் கேள்வி சிங்கிள் கோர், அதாவது ஒரே கண்டக்டர் உள்ள கேபிள்தான். மூன்று ஃபேஸும் ஒரே கேபிளுக்குள் போகும்போது காந்தப்புலங்கள் ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துவிடும், ஸ்டீல் ஆர்மர் பற்றிக் கவலை இல்லை. ஒரே ஒரு கோர் ஏசி கரண்டைச் சுமந்தால் அதைச் சுற்றியுள்ள ஸ்டீல் முழுக்கக் காந்த வளையமாகி, ஸ்டீலுக்குள் சுழலும் எடி கரண்டும், காந்தம் மாறி மாறி ஏறுவதால் வரும் ஹிஸ்டரிசிஸ் இழப்பும் சேர்ந்து கேபிளைச் சுட வைக்கும். அதனால் சிங்கிள் கோரில் அலுமினியம் ஆர்மர். நம் குறியீட்டில் டபிள்யூ, எஃப் எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஏ சேரும், வளைகுடாவில் இதை ஏடபிள்யூஏ (அலுமினியம் கம்பி ஆர்மர்) என்பார்கள். இதோடு நிறுத்தாமல் கிளாண்ட் பிளேட்டையும், அதாவது கேபிள் பேனலுக்குள் நுழையும் தகட்டையும் சொல்லுங்கள். மூன்று சிங்கிள் கோரும் தனித்தனி ஓட்டை வழியாக ஒரு எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பிளேட்டைக் கடந்தால் பிளேட்டும் அதே காரணத்தால் சுடும், அங்கே அலுமினியம் மாதிரி காந்தம் பிடிக்காத பிளேட் வேண்டும். இந்த ஒரு வரியைச் சொன்ன பிறகு எதிரே இருந்தவர் பேப்பரில் ஏதோ எழுதிக்கொண்டார், நல்லதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அங்கே போனால் பெயர்கள் மாறும். எஸ்டபிள்யூஏ என்பது ஸ்டீல் கம்பி ஆர்மர், பிரிட்டிஷ் தரநிலையான பிஎஸ் 5467 என்பது எக்ஸ்எல்பிஇ, எஸ்டபிள்யூஏ, பிவிசி உறை போட்ட கேபிள், பிஎஸ் 6724 அதே அமைப்பில் ஹாலஜன் இல்லாத, புகை குறைந்த உறை. பட்டை ஆர்மரைவிடக் கம்பிதான் கண்ணில் படும். கிளாண்டில், அதாவது கேபிளைப் பேனலில் இறுக்கிப் பிடிக்கும் பொருத்தியில், பிடபிள்யூ உலர்ந்த உள்ளிடத்துக்கு, ஆர்மரை மட்டும் பிடிக்கும். சிடபிள்யூவில் வெளியுறைக்கும் சீல் உண்டு, வெளியே போடலாம். இ1டபிள்யூவில் உள்ளுறைக்கும் வெளியுறைக்கும் இரண்டு சீல், நாம் டபுள் கம்ப்ரஷன் என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும். நிறத்தில் மட்டும் மிக மிகக் கவனம். நம்மிடம் சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். புதிய பிரிட்டிஷ் முறையில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் ஃபேஸ், நீலம் நியூட்ரல். நம் ஊர்ப் பழக்கத்தில் கறுப்பை நியூட்ரல் பாரில் கொண்டுபோய் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கைவேலையில் கிளாண்ட் போடச் சொல்வார்கள். வெட்டுவதற்கு முன்னால் ஷ்ரௌடை (கிளாண்டை மூடும் உறை) கேபிளில் நுழைத்துவிடுங்கள், பிறகு வெளி நட்டும் கிளாம்ப் ரிங்கும். ஷ்ரௌடை மறந்து கண்டக்டர் நுனியில் லக் (இணைப்பு முனை) கிரிம்ப் பண்ணி முடித்துவிட்டு முழிக்கிற ஆட்களை எந்த சைட்டிலும் பார்க்கலாம். வெளியுறையை உரித்ததும் ஆர்மர் கம்பியை ஹேக்ஸாவால் முழுசாக அறுக்காதீர்கள், பாதி ஆழம் சுற்றிலும் கீறிவிட்டு ஒவ்வொரு கம்பியாக முன்னும் பின்னும் ஆட்டினால் அந்தக் கோட்டிலேயே ஒடியும். பிளேடு உள்ளுறையில் பட்டால் அங்கேயே மார்க் போய்விடும். மீதிக் கம்பிகளை விசிறி போல விரித்துக் கிளாண்டின் கூம்பான கோனின் மேல் சமமாகப் படுக்க வையுங்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. எர்த் டேக் என்ற வளையத் தகட்டை மறக்கக்கூடாது, ஆர்மருக்கு எர்த் அந்த வழியில்தான் போகிறது. கடைசியில் கேபிளைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள், கம்பி சரியாகச் சிக்கியிருந்தால் அசையாது.

சின்னக் கேள்விகள் சில. மல்ட்டி கோர் எல்டி (குறைந்த மின்னழுத்த) ஆர்மர்டு கேபிளை வளைக்கும் ஆரம் வெளி விட்டத்தைப்போல் 12 மடங்கு, 40 மி.மீ. கேபிளுக்கு 480. மண்ணில் புதைக்க எல்டிக்குக் குறைந்தது 75 செ.மீ., 11 கேவிக்கு 90. இன்ஸ்ட்ருமென்ட் கேபிளில் சிக்னலில் இரைச்சல் நுழையாமல் தடுக்கும் ஷீல்டும் ஆர்மரும் ஒன்றில்லை: ஷீல்டுக்கு வழக்கமாக ஒரு பக்கம் மட்டும் எர்த், ஆர்மருக்கு இரண்டு பக்கமும்.

பழக கேபிள் துண்டு வேண்டுமென்றால் பேனல் போர்டு செய்கிற பட்டறைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் கேளுங்கள். கம்பி ஆர்மர் ஒன்று, பட்டை ஆர்மர் ஒன்று, முடிந்தால் அலுமினியம் ஆர்மர் போட்ட சிங்கிள் கோர் ஒன்று. ஒரு காந்தத்தையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், ஆர்மர் ஸ்டீலா அலுமினியமா என்று கடையிலேயே தெரிந்துவிடும்.