குமிழி வெடிக்கும் இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கிருமி காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால், எல்லோரும் முதலில் பார்ப்பது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைத்தான். உண்மையில் அதுதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி. காற்றின் வேகம், திசை, வெயிலா மேகமா, பகலா இரவா, இதையெல்லாம் காசியன் புளூம் என்ற, காற்றில் ஒன்று எப்படிப் பரவும் என்று சொல்லும் கணக்கில் போட்டால் புகைபோக்கிப் புகைக்கு வருவது போலவே ஒரு விடை வந்துவிடும்.

ஆனால் நொடிக்கு எத்தனை கிருமி கிளம்புகிறது என்று அந்தச் சமன்பாடு முதலிலேயே கேட்கும். அங்கேதான் எல்லோரும் முழிக்கிறோம்.

கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் ஏரேஷன் தொட்டியில் குமிழி மேலே ஏறும்போதே வழியில் அகப்படும் பாக்டீரியாவைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது. மேலே வந்து உடையும்போது அதன் மெல்லிய மூடி சிதறி நுண்துளிகளாகிறது, அடுத்த கணமே குமிழி விட்டுப்போன குழியின் அடியிலிருந்து ஒரு சின்னத் தாரை எழும்பி இன்னும் சில துளிகளை வீசுகிறது. தொட்டித் தண்ணீரில் இருப்பதைவிட இந்தத் துளிகளில் கிருமி அடர்த்தி அதிகம் என்பதால், தண்ணீரைச் சோதித்த எண்ணை அப்படியே கணக்கில் போட முடியாது. பெரிய துளி பக்கத்திலேயே விழுந்துவிடும். சின்னது நொடிக்குள் காய்ந்து மிதக்க ஆரம்பிக்கும்.

அப்புறம், மிதப்பதெல்லாம் உயிரோடு இருக்கிறதா? வெயிலும் வறட்சியும் பெரும்பாலானதைக் கொன்றுவிடும். காற்றிலுள்ள கிருமியைப் பிடிக்கும் ஆண்டர்சன் சாம்ப்ளர் என்ற கருவி நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை இழுத்து, அதிலுள்ளதைக் கிருமி வளர்க்கும் அகார் தட்டில் படிய வைக்கிறது, ஆனால் தட்டில் வளர்வது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வெயிலும் வறட்சியும் இல்லாதபோது கிருமி தப்பிவிடும் என்பதால், எனக்கு மத்தியான வெயிலைவிட, காற்று அசையாத ஈரமான ராத்திரிதான் கவலை.

பொதுவாகச் சில நூறு மீட்டரிலேயே எண்ணிக்கை அடங்கிவிடும் என்பார்கள். சரி, ஆனால் பிரான்ஸின் பா-து-காலே பகுதியில் 2003 நவம்பரிலிருந்து 2004 ஜனவரி வரை 86 பேருக்கு லெஜியோனேர் நோய் (பாக்டீரியா கலந்த நுண்துளிகளைச் சுவாசிப்பதால் வரும் நிமோனியா) வந்து 18 பேர் இறந்தார்கள். ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையின் குளிரூட்டும் கோபுரத்தோடு, அதன் கழிவுநீர்க் குளத்தில் சுழன்ற ஏரேட்டர்களும் கிருமியைக் காற்றில் ஏற்றியிருந்தன. பாதிக்கப்பட்டவர்களில் சிலர் 6 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர்கள். கோபுரத்தை அதிக அழுத்தத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவிய சமயத்தில் இரண்டாவது அலையே கிளம்பியது. எந்த மாடலிலும் சுத்தம் செய்கிற நாளுக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டு நான் பார்த்ததில்லை.