பச்சை வளையத்துக்குள் இருப்பவர்கள்

கல்லூரி மாணவர்களுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். வருகிற பிள்ளைகள் பலர் பேச்சைத் தொடங்குவதற்குப் பதில் போனை நீட்டுவார்கள். "இதைப் பாருங்க மேம்."

பலருக்கு இன்ஸ்டாகிராமில் இரண்டு கணக்குகள். ஒன்றில் அத்தை, சித்தப்பா எல்லாரும் இருப்பார்கள். கோயில் படமும் பிறந்தநாள் வாழ்த்தும் போதும். இன்னொன்றில் பெயரே வேறு. வீட்டில் மகனாக வளர்ந்த பிள்ளை, தானே தேர்ந்தெடுத்த பெண் பெயரில் மை தீட்டிய கண்களோடு அங்கே இருப்பாள். பெரியவர்கள் அதைப் போலிக் கணக்கு என்கிறார்கள். அந்தப் பேச்சை என்னால் ஏற்கவே முடிவதில்லை.

நம் ஊரில் இரண்டு பையன்கள் கட்டிப்பிடித்துப் படம் போட்டு, கீழே 'மாப்ள' என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. தோழியைப் 'பொண்டாட்டி' என்று கொஞ்சும் பெண்களும் உண்டு. பெரும்பாலும் அது நட்புதான். சிலருக்குக் காதல், அதைச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த ஒரே இடம். எது எது என்று படத்தைப் பார்த்து நாம் ஊகிக்கக் கூடாது.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவு குற்றமில்லை என்றது. அதே ஆண்டு இறுதியில் இன்ஸ்டாகிராமில் 'க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' பட்டியல் வந்தது. அதில் நாம் சேர்த்தவர்கள் மட்டும் பார்க்கும்படி ஸ்டோரி, அதாவது ஒரு நாளில் மறைந்துவிடும் பதிவு, போடலாம்; அவர்களுக்கு அது பச்சை வளையத்தோடு தெரியும். அந்தப் பச்சை வளையத்துக்குள் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் இந்தப் பிள்ளைகளின் அன்றாடப் பாதுகாப்பு இருக்கிறது. ஸ்டோரியை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் போட்டவருக்குத் தெரியாது. நம்பிச் சேர்த்த ஒருவர் போதும், படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும்.

அப்புறம் பெற்றோர் வருவார்கள். "எப்படியாவது மாத்திக் கொடுங்க." பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ 'குணப்படுத்தும்' முயற்சிக்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததைச் சொல்வேன். அந்த வழக்கின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். சட்டத்தைச் சொல்லும்போது இறுகிய முகங்கள் இதைக் கேட்டதும் கொஞ்சம் இளகுவதைப் பார்த்திருக்கிறேன். நீதிபதியே கேட்டுப் படித்தார் என்றால் நாமும் கேட்கலாம் என்று தோன்றும் போல.

கடைசியில் ஒன்றைக் கெஞ்சியே கேட்பேன்: போனைப் பிடுங்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு "தூங்கலையாடி?" என்று அவளைக் கேட்கிற தோழி அந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறாள்.