சோஜு பாட்டிலில் ஒரு கைதியின் எழுத்து

பாட்டிலின் மேல் இருந்த தூரிகை எழுத்தைக் காட்டி, "இவ்வளவு அழகா யார் எழுதினது?" என்று கேட்டேன். தென் கொரியாவில், சுவோன் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது, அலுவலக விருந்து. பாட்டிலில் இருந்தது சோஜு, இந்த ஊர்ச் சாராயம். பக்கத்தில் இருந்த தம்பி "ஷின் யங்-போக்" என்றான். எங்கள் புஜாங்நிம், அதாவது துறைத் தலைவர், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரே சொல் சொன்னார்: "பல்கெங்கி". கம்யூனிஸ்டுகளைச் சிவப்புக்காரர்கள் என்று திட்டும் சொல். உடனே எல்லாரும் பன்றிக்கறியைத் திருப்பிப் போடுவதில் மும்முரமாகிவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பெரியவர்கள் ஊற்றினால் இரண்டு கையாலும் ஏந்துவதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பதும் எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டன. பெரியவர்கள் முன்னால் கால் மேல் கால் போடாமல் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா? இப்போது கிம்ச்சி இல்லாமல் சோறு இறங்குவதில்லை. "இதுதாம்மா இனி என் ஊர்" என்று அம்மாவிடம் சொல்லியும் விட்டேன். ஆனால் சுரங்க ரயிலில் உளவாளியைக் கண்டால் 111-க்குச் சொல்லுங்கள் என்ற ஸ்டிக்கரைப் பார்த்தால் போதும், மனசு திருத்துறைப்பூண்டி டீக்கடைக்கு ஓடிவிடும். அங்கே செங்கொடிக் கம்பத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத்தான் டீயே சொல்வோம்.

ஷின் பொருளாதாரம் படித்தவர். ராணுவ அகாடமியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, 1968-இல் 'ஒருங்கிணைப்புப் புரட்சிக் கட்சி' வழக்கில் பிடிபட்டார். தெற்கில் புரட்சி, பிறகு இரு கொரியாவும் ஒன்று என்று தலைமறைவாக இயங்கிய கட்சி அது. 158 பேரைப் பிடித்ததாக உளவுத்துறை அறிவித்தது. தலைவர் கிம் ஜோங்-டேயை 1969-இல் தூக்கிலிட்டார்கள். வடக்கோ பியோங்யாங்கின் ரயில் எஞ்சின் ஆலைக்கு அவர் பெயரை வைத்தது. ஷின்னுக்கு ராணுவ நீதிமன்றம் முதலில் விதித்தது மரணம். பிறகு அது ஆயுளானது. 27 வயதில் உள்ளே போனவர், 20 வருஷம் 20 நாள் கழித்து 1988 ஆகஸ்ட் 15 அன்று வெளியே வந்தார். தூரிகை எழுத்தில் கை தேர்ந்தது சிறையில்தான். 2006-இல் 'ச்சொஉம் ச்சொரொம்' சோஜுவுக்கு அந்த எழுத்தைக் கொடுத்தபோது தனக்கென்று பணம் வாங்கவில்லை.

பியோங்யாங்கை நம்பிப் புறப்பட்ட அந்தக் கட்சியின் வழி எனக்கு ஏற்பில்லை. அங்கே இன்றும் வாய் திறக்க முடியாது. ஆனாலும் பிரிந்த நாடு சேரவேண்டும் என்று கனவு கண்ட படித்த பிள்ளைகளை இந்த நாடு நடத்திய விதம் என்னால் ஜீரணிக்க முடியாதது. 2021-இல் தேசிய உளவுத்துறை தன் வாசல் கல்லில் ஷின்னின் எழுத்துருவில்தான் முழக்கத்தைப் பொறித்தது. படித்தபோது மனம் நிறைந்துவிட்டது. அடுத்த வருஷமே பழைய முழக்கம் திரும்பி வந்தது, கல் போய்விட்டது. 1948-இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. 'பகைவரைப் புகழ்வது' குற்றம் என்னும் அதன் 7-ஆம் பிரிவு செல்லும் என்று 2023-இல் அரசியல் சாசன நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

எங்கள் பக்கத்தில் 1968 என்றால் கீழ்வெண்மணி. கூலி கேட்டதற்காக 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய டிசம்பர் 25. ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் அதே நாளில் ஊர் ஊராகக் கிளம்பி நினைவிடத்துக்குப் போவோம் என்றேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஹியோங் (அண்ணா), வெளிப்படையாகவா? கொடியோடவா?" என்றான்.

ஆமாம் தம்பி, கொடியோடுதான். பஸ் பிடித்து, கோஷம் போட்டு, குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போவோம்.