எஸ்டேட் மண்டபத்தில் கடல் படம்

பிள்ளைகளுக்கு 'புளூ பிளானட் 2' போடுவதானால் வரிசைப்படி போக வேண்டியதில்லை. 2017-இல் வந்த கடல் ஆவணத்தொடர், ஏழு பாகம். பவளப்பாறையைக் காட்டும் மூன்றாவதில் தொடங்குங்கள். இரண்டாவது ஆழ்கடல்; படமே இருட்டு. ஜன்னல் திறந்திருக்கும் கோயில் மண்டபத்தில் பகலில் புரொஜெக்டர் போட்டால் வெறும் வெள்ளைத் துணிதான் தெரியும். நம் ஊரில் மாலை ஏழரைக்குக்கூட வெளிச்சம் இருக்கும், எட்டுக்குமேல் வையுங்கள். தகரக் கூரையில் மழை பிடித்தால் வர்ணனை கேட்காது. மலாய் வசனவரி கிடைத்தால் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

அடுத்து பவளம் வெளுப்பதைப் பற்றிய ஆவணப்படம் 'சேசிங் கோரல்', அதுவும் 2017. கோடைக்கால உச்ச வெப்பத்தைவிட நீர் ஒரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தாலே பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுக்கும். சோறு போடுவதே அந்தப் பாசிதான். வெளுத்ததும் செத்துவிடாது, வெப்பம் சீக்கிரம் தணிந்தால் தேறும். இதைப் படத்தை நிறுத்திச் சொல்லுங்கள். 2010-இல் மலேசியாவின் தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை மூடியது இதனால்தான்.

மீன்பிடித் தொழிலைச் சாடும் ஆவணப்படம் 'சீஸ்பிரசி' (2021) பெரியவர்களுக்கு மட்டும், அதையும் அப்படியே நம்பிவிடாமல் பாருங்கள். 2048-இல் கடலில் மீன் காலி என்று அதில் வருவது, 2006-இல் கடல் ஆய்வாளர் போரிஸ் வோர்ம் குழு எழுதிய ஆய்விலிருந்து எடுத்தது. அவரே 2009-இல் மீன்வள ஆய்வாளர் ரே ஹில்போர்னுடன் எழுதிய ஆய்வு, பிடிப்பைக் கட்டுப்படுத்திய இடங்களில் மீன் மீள்வதைக் காட்டியது.

புத்தகம் என்றால் ரேச்சல் கார்சனின் 'தி சீ அரவுண்ட் அஸ்', 1951. பூமியின் மேலோடு நகரும் தட்டுகளால் ஆனது என்னும் கண்டத்தட்டுக் கோட்பாடு வேரூன்றுமுன் எழுதியது. கடல்தரை பற்றிய பக்கங்கள் பழசு, நடை மட்டும் இன்னும் பழசாகவில்லை.